எங்கட ஆக்கள் தப்பிட்டினம்

நான் ஒருநாளும் போய்ப் பார்க்காத ஓர் ஆங்கிலேய ஊரின் கால்பந்துக் கழகத்துக்கு, ஒக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்த எங்கள் மர வீட்டின் சமையலறை மேசையில் இருந்து சில வருடங்களாக வரலாறு எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்டு எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் எனக்கு இலத்தீன் படிப்பித்த பாதிரியார் அந்த ஊர்க்காரர். அவரிடமிருந்து தொற்றியது. அவர் செத்த பிறகும் அது என்னை விடவில்லை.

பெரிய கழகம் அல்ல. ஒரு தேவாலயத்தின் வேதாகம வகுப்புக்குப் போன இளைஞர்கள், கோடையில் கிரிக்கெட் ஆடியவர்கள், குளிர்காலத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் தொடங்கியது. மைதானம் ஓர் இறைச்சிக்கடைக்காரரின் மேய்ச்சல் நிலம். உடுப்பு மாற்றப் பக்கத்தில் இருந்த சாராயக்கடைக்குப் போவார்கள். இதைக் கேள்விப்பட்ட குருவானவர், கோயில் வேண்டுமா சாராயக்கடை வேண்டுமா என்று கேட்க, அவர்கள் சாராயக்கடையைத் தெரிவுசெய்தார்கள். பிறகு ரயில் பட்டறைத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே கொஞ்சக் காலம் முதற்பிரிவில் ஆடினார்கள். அதன்பின் இறக்கம்தான். மரத்தால் கட்டிய பார்வையாளர் கொட்டகை எரிந்தது. நல்ல ஆட்டக்காரர்களைப் பெரிய கழகங்கள் கொண்டுபோயின. நான் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே இலட்சியம், இருக்கிற பிரிவிலிருந்து இன்னும் கீழே விழாமல் தப்புவதுதான்.

நான் அவர்களை "எங்கட ஆக்கள்" என்பேன். மனைவிக்கு அது பகிடி.

"உங்கட ஆக்களோ? மழை பெய்தால் உங்களைத் தங்கட வீட்டுத் தாழ்வாரத்தில நிக்க விடுவாங்களோ?"

அவளுக்கு ஒரேயொரு தம்பி. ஊரில் இருந்தான். எப்போதாவது கொழும்புக்கு வந்து தொலைபேசி எடுத்தால் அக்காவிடம் கதைத்துவிட்டு என்னைக் கேட்பான். "மச்சான், உங்கட வெள்ளையள் இந்தக் கிழமையாவது வெண்டினமோ?" அவ்வளவுதான் எங்கள் உரையாடல். நானும் வேறொன்றும் கேட்டதில்லை.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது தம்பி பெண்சாதி பிள்ளைகளோடு சாவகச்சேரிக்குப் போனான் என்று ஒரு செய்தி வந்தது. அடுத்த ஏப்ரலில் இராணுவம் அங்கும் வந்தது. பாதிப்பேர் திரும்பி ஊருக்குப் போனார்கள், மற்றவர்கள் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனார்கள். தம்பி எந்தப் பக்கம் போனான், போனானா என்றே தெரியவில்லை.

மனைவியால் றேடியோவில் செய்தி கேட்க முடியாது. வாசிப்பவரின் குரல் தொடங்கினாலே எழும்பி வெளியே போய்விடுவாள். அந்த வேலையை என்னிடம் தந்திருந்தாள்.

"நீங்கள் கேட்டிட்டுச் சொல்லுங்கோ. நல்லதெண்டால் உடன சொல்லுங்கோ. கெட்டதெண்டால் நான் சாப்பிட்ட பிறகு சொல்லுங்கோ."

மே மாதத்தில் ஒரு ஞாயிறு காலை. அவள் பூசைக்குப் போகத் தலை முழுகிக்கொண்டிருந்தாள். உலகச் செய்தியில் இலங்கையைப் பற்றி ஒன்றும் இல்லை. பிறகு விளையாட்டு. இங்கிலாந்தில் கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்திருந்தது. எங்கள் கழகம் கடைசி நிமிடத்தில் ஒரு கோல் போட்டுச் சமப்படுத்தியிருந்தது. அந்த ஒரு கோலால் பிரிவில் நிலைத்துவிட்டது. வயதை மறந்து மேசையில் ஓங்கி அடித்தேன். அவள் ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.

"என்ன? என்ன சொல்லுறாங்கள்?"

"எங்கட ஆக்கள் தப்பிட்டினம்!"

"உண்மையாவோ?"

"ஓமப்பா, கடைசி நிமிசத்தில!"

அவள் அப்படியே நிலத்தில் உட்கார்ந்து சிலுவை அடையாளம் போட்டாள். "என்ர தம்பி, என்ர தம்பி" என்று அழத் தொடங்கினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

திருத்துவதற்கு ஒரு வசனம் போதும். அந்த வசனம் என் வாயில் இருந்தது. ஆனால் ஆறேழு மாதமாக நான் காணாத முகம் அது. பூசை முடியட்டும், பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். எப்படியும் தப்பியிருப்பான், பொய்யே மெய்யாகிவிடும் என்றும் நினைத்தேன்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தமிழ்க் குருவானவர் எங்களிடம் வந்தார். அவர் அடுத்த மாதம் மன்னாருக்குப் போய், அங்கிருந்து மடுப் பக்கம் அகதிகளிடம் போகப்போவது எல்லோருக்கும் தெரியும். மருந்தும் கொண்டுபோகிறார்.

"தம்பியின்ர பேரையும் தாங்கோ அக்கா, தேடிப் பார்க்கிறன்" என்றார்.

"வேண்டாம் ஃபாதர். எங்கட ஆக்கள் தப்பிட்டினம். இவர் றேடியோவில கேட்டவர். செய்தி தெரியாத ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம், அவையளைத் தேடுங்கோ."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கடவுள் கிருபை, என்ன ஐயா?"

"ஓம் ஃபாதர்" என்றேன். என் கையில் தேத்தண்ணியோடு தின்னத் தந்த பற்றிஸ் இருந்தது. அதைக் கடித்தேன்.

தம்பி உண்மையிலேயே தப்பியிருந்தான். வன்னிக்குப் போய் மடுவுக்குக் கிட்ட ஒரு குடிலில், மலேரியாவோடு. ஃபாதர் அந்தக் குடில்களுக்கிடையே தான் கொண்டுபோன பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். கூப்பிட்ட பெயர்களில் அவனுடைய பெயர் இல்லை. அவர் திரும்பி வந்து சில வாரங்களில், அவன் செத்துப்போனான் என்று கனடாவிலிருந்து ஒரு சொந்தக்காரர் தொலைபேசியில் சொன்னார்.

"றேடியோவில தப்பிட்டினம் எண்டல்லோ சொன்னவங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

"அப்ப அப்பிடித்தான் சொன்னவங்கள்" என்றேன். முதலாவது தவறு வாய் தவறி வந்தது. இது நானே தெரிந்து சொன்னது.

இரண்டு வருடம் அதோடு இருந்தேன். வரலாற்றைத் தொடர்ந்து எழுதவும் செய்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்: "ஒவ்வொருமுறை பாவசங்கீர்த்தனத்திலயும் அந்த றேடியோக்காரனைத்தான் சொல்லுறன். அவனை மன்னிக்க ஏலாமல் கிடக்கு. என்ன வாயால அப்பிடி ஒரு பொய்யை வாசிச்சவன்?"

ஆரோ ஒரு மனிதன், ஒரு குற்றமும் செய்யாதவன். அவனைக் காப்பாற்றத்தான் வாய் திறந்தேன் போலிருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கையைக் கழுவினாள். கத்தவில்லை.

"எந்த ஆக்கள் தப்பினது?"

கழகத்தின் பெயரைச் சொன்னேன்.

"இப்பவும் அங்கதான் நிக்கிறாங்களோ?"

"இல்லை. அடுத்த வருசமே விழுந்திட்டாங்கள்."

கையைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "அவங்கட கழகத்துக்கு முதன்முதல் கோல் அடிச்சவன் ஆர்?"

பெயரைச் சொன்னேன். ஒரு சலவைக்காரியின் மகன் என்று கேளாமலே சேர்த்துச் சொன்னேன்.

"தம்பியின்ர பிள்ளையளின்ர பேரைச் சொல்லுங்கோ பாப்பம்."

மூத்தவனின் பெயரைச் சொன்னேன். இரண்டாமவனுடையது கொஞ்சம் யோசித்தபின் வந்தது. மூன்றாவது பெட்டை நாங்கள் இங்கே வந்த பிறகு பிறந்தவள். அவளுடைய பெயரை எத்தனையோ முறை இந்த வீட்டில் கேட்டிருப்பேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

மனைவி காத்திருந்தாள். நான் சொல்லாததால் திரும்பி மீனை வெட்டத் தொடங்கினாள். அந்தப் பெயரை அவள் எனக்குச் சொல்லவில்லை. அவளிடம் கேட்க எனக்கு முகமில்லை. கனடாவில் இருந்தவருக்குத் தொலைபேசி எடுத்து, அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.