மணிக்கட்டின் அளவு

உதடுகளுக்கிடையே குண்டூசிகளைக் கடித்துக்கொண்டுதான் வின்சன்ட் கோபப்படுவார். கண்டி, தலதா வீதியிலிருந்து பிரியும் சந்தொன்றில், மேல்மாடிக் கடையில் முப்பத்தோராண்டுகளாக மாப்பிள்ளைக் கோட்டுத் தைப்பவர் அவர். ஊசியின்றி வாயைத் திறந்தால் வாடிக்கையாளர் எவரும் மிஞ்சமாட்டார் என்பதை அவர் அறிவார். கோபம் ஏற ஏற ஊசிகளும் கூடும். பொத்தான் தைக்கும் நிரோஷினி, எட்டிப் பார்த்து அவற்றை எண்ணிவிட்டே தேநீரோடு நெருங்குவாள். எண்ணிக்கை ஏழைத் தாண்டினால் தேநீர் கதவருகிலேயே ஆறிப்போகும்.

கைப்பேசியில் படம் காட்டி, "இதே மாதிரி" என்பவர்மீது கோபம். அளவெடுக்கையில் மூச்சடக்கி நிற்பவர்மீது அதனினும் கோபம். "வயித்த உள்ள இழுக்காதீங்க தம்பி. கோட்டுக்குப் பொய் சொல்லலாம், திங்கிற சோத்துக்குச் சொல்ல ஏலாது." திட்டு வாங்கியவர்களே தம்பிமாரையும் மச்சான்மாரையும் அழைத்து வருகிறார்கள். வின்சன்டின் தையலில் தோள் நிமிரும். கடிகாரம் கட்டும் பக்கத்துக் கோட்டுக்கையின் விளிம்பு நூலளவு அகன்றிருக்கும். அந்த நூலளவை வேறெவரும் கவனிப்பதில்லை.

இவ்வாண்டு அவர் வீட்டிலேயே மாப்பிள்ளை வாய்த்தார். ஒரே மகள் ஷெரோன், கணித ஆசிரியை. மணமகன் லக்ஸ்மன், கொழும்பில் வங்கி உத்தியோகத்தர். பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையில் கடிகாரம் கட்டுவது இரு குடும்பத்துக்கும் வழக்கம். அதற்கென்று லக்ஸ்மனின் தாய்மாமன் ஜொனி ஒரு படத்தை அனுப்பிவைத்தார். பெருஞ்செல்வர் கட்டும் சுவிஸ் கடிகாரம் அது. வின்சன்ட் பன்விலவில் உள்ள தம் வீட்டை ஈடுவைத்தாலன்றிக் கைக்கு எட்டாதது. அன்று நிரோஷினி எண்ணிய ஊசிகள் ஒன்பது.

மறுநாள் நண்பகல் வின்சன்ட் கடிகாரக் கடைக்குப் போனார். உடன் கொண்டுசென்றது லக்ஸ்மனின் கோட்டில் இன்னும் பொருத்தாத இடக்கை மட்டும். உடலில்லாத அந்தக் கையைத் தம் கையில் மாட்டிக்கொண்டு, படத்திலிருந்த கடிகாரத்தை முதலில் கட்டிப் பார்த்தார். அதன் தடித்த விளிம்பு துணியின் வாயிலேயே சிக்கி நின்றது.

"இது கையில கட்டுறதா, கழுத்துல தொங்கவிடுறதா?"

விற்பனையாளர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தனர். வின்சன்ட் அசையவில்லை. பதினொரு கடிகாரங்களைக் கட்டிக் கழற்றினார். பன்னிரண்டாவது, அதுவும் சுவிஸில் செய்தது. விலை பத்திலொரு பங்கும் இல்லை. மெல்லிய வெள்ளி உடல், வெண்முகம், கருந்தோல் வார். மின்கலம் இல்லை, கட்டியவனின் கையசைவே அதை முடுக்கிவிடும். அடிப்புறக் கண்ணாடிக்குள் பிறைவடிவத் தகடொன்று ஊசலாடியது. அதைக் காதருகே வைத்து, திருப்பலியில் அப்பம் உயர்த்தப்படும் வேளையில் நிற்பவரைப்போல் தலைகவிழ்ந்து நின்றார்.

"கை அசைஞ்சா ஓடும். சும்மா குந்தியிருக்கிறவனுக்கு நின்னு போகும். நல்ல சாமான்," என்றார்.

சென்ற சனிக்கிழமை, இறுதித் தையலுக்கு முன் வெள்ளை நூலோட்டிய கோட்டை லக்ஸ்மனுக்கு அணிவித்துப் பார்க்கும் நாள். கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை மூன்றும் வாசித்தாகிவிட்டது; திருமணத்துக்குப் பன்னிரண்டு நாள். ஜொனியும் வந்திருந்தார். வாங்குப் பலகையில் ஷெரோன் அமர்ந்திருந்தாள். வின்சன்ட் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"என்ன அண்ணே இது, பென்சன் போற மாஸ்டருக்குக் குடுக்கிற மாதிரி?" என்றார் ஜொனி. "பெட்டரியும் இல்லயாம். நாளைக்கு நின்னுபோனா யாரு பதில் சொல்றது?"

"கட்டினா ஓடும்." ஊசிகளின் நடுவே சொல் கசிந்தது.

"எங்க பக்கம் முந்நூறு பேர் வாறாங்க. மாப்பிள்ள கையத் தூக்கினா வாச் தெரியணும்."

"கை தெரிஞ்சா போதாதா?"

ஜொனி சிரித்துக்கொண்டே சொன்னார்: "படத்துல உள்ளதக் குடுங்க. இல்லாட்டி இந்தக் கல்யாணத்த நாங்க யோசிக்கணும்."

வின்சன்ட் ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பஞ்சுத்தலையணையில் குத்தினார். ஜொனியின் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

"தம்பி, மாமன விடுங்க. நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு எது வேணும்?"

லக்ஸ்மன் கண்ணாடியைப் பார்த்துக் கழுத்துப்பட்டையை நீவினான். "எனக்கு எதுன்னாலும் பரவாயில்ல மாமா. வீட்டுல பெரியவங்க சொல்றதுதான்..."

"நான் அளவெடுத்தது ஒங்க கைய. பெரியவங்க கைய இல்ல."

லக்ஸ்மன் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜொனியின் பேராசை வின்சன்டைச் சுட்டதுதான். லக்ஸ்மனின் இந்தப் பணிவு எரித்தது. சரிந்த தோளுக்குப் பஞ்சு வைத்து நிமிர்த்தத் தெரிந்தவர் அவர். இதற்குள் எதை வைத்துத் தைப்பது? மகளின் வாழ்வு கண்முன் அமர்ந்திருந்தது. வாய்வரை வந்த வசையை எச்சிலோடு விழுங்கினார்.

ஷெரோன் எழுந்தாள். "கோட்டக் கழட்டுங்க லக்ஸ்மன். மெதுவா. நூல் பிஞ்சிரும்."

அவன் கழற்றினான். அவள் தந்தையின் முன் வந்து இடக்கையை நீட்டினாள்.

"அப்பா, அந்த வாச்ச எனக்குக் கட்டுங்க."

"அது ஆம்பள வாச் புள்ள!" என்றார் ஜொனி.

"நேரம் ஒண்ணுதானே அங்கிள்."

வின்சன்ட் மகளின் முகத்தை ஒருகணம் பார்த்தார். அவள் கண்களைத் தாழ்த்தவில்லை. கடிகாரத்தைக் கட்டினார். கடைசித் துளையில் மாட்டியும் அது அவளது மெல்லிய மணிக்கட்டில் வளையல்போல் சுழன்றது. கழற்றி எடுத்து, வாரை வெட்டுமேசையில் விரித்து, சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார்.

ஜொனியின் குரல் முதன்முறையாகத் தணிந்தது. "அண்ணே, பொறுங்க. ஓட்ட போட்டா கடையில திருப்பி எடுக்கமாட்டாங்க."

வின்சன்ட் துளையூசியைப் புள்ளியின்மேல் நிறுத்தி, உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினார்.