கறுப்புக் கட்டத்தில் ஒரு வளைகாப்பு

ஸ்மார்ட்போன் எங்கள் வீட்டுக்குள் நுழையாத காலம். செம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பிள்ளைத்தாய்ச்சி மகளுக்குத் துணையாக மனைவி அமெரிக்கா போயிருந்தாள். எனக்கு விசா கிடைக்கவில்லை. ஒற்றை ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல், காலையில் வடித்த சோற்றையே ராத்திரிவரை தின்று தீர்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அங்கே மகளுக்கு வளைகாப்பு. இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்ட ஏற்பாடு. என்னிடம் இருந்ததோ மருமகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர். "வைரஸே வராது மாமா" என்று அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். வைரஸ் வரவில்லைதான். வீடியோவும் வரவில்லை. அதற்கு ஏதோ கம்பெனியின் பிளக்-இன் வேண்டுமாம். லினக்ஸோடு சேர்ந்து வராதாம், நாமே தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

மருமகன் மெயிலில் அனுப்பிய வரிகளை அப்படியே டைப் செய்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டி, கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினேன். மனைவி சுட்டுவைத்துப் போன முறுக்கின் தூள்தான் கொட்டியது. லினக்ஸில் பாஸ்வேர்டு கண்ணுக்கே தெரியாது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அடுத்து, திரை முழுக்க ஓர் ஒப்பந்தம். கீழே 'ஓகே' இருக்கிறது, மவுஸுக்கு மசியவில்லை. விசா ஆபீசரே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாரோ என்று வேர்த்துவிட்டது. அங்கே சடங்கு ஆரம்பித்திருப்பார்கள். கையில் பட்ட பட்டனையெல்லாம் குத்தினேன். 'டேப்' பட்டன் பட்டதும் 'ஓகே' சிவந்தது. உடனே 'என்டர்' தட்டினேன்.

ஒருவழியாக ஓடியது. ஆனால் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. படம் வரவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கட்டம். சத்தத்தைக் கூட்டினால் படம் வரும் என்று ஸ்பீக்கரை முழுசாகத் திருகிய மேதாவி நான்.

படம் வரவில்லை, எதிர்வீட்டு மராட்டி அம்மாள் வந்தார். அதுவரை லிஃப்டில் தலையாட்டியதோடு சரி. "க்யா பாய்சாப், கர் மே ஷாதி ஹை க்யா?"

கல்யாணமில்லை, மகளுக்கு ஏழாம் மாதச் சடங்கு, படம்தான் வரவில்லை என்று என் ஓட்டை ஹிந்தியில் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் விரலை உயர்த்தினார். "சுனியே, சூடி."

கேட்டேன். பெண்களின் பாட்டுக்கு நடுவே கண்ணாடி வளையல்கள் உரசும் சத்தம். தன் கையிலிருந்த பச்சை வளையல்களைக் குலுக்கிக் காட்டினார். அவர்கள் வீட்டிலும் ஏழாம் மாதம் இதே வளையல் சடங்குதானாம். முடியும்வரை இருவரும் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குப் போனவர், கிண்ணத்தில் சூடாக ஷீரா, நம் ரவா கேசரி மாதிரிதான், கொண்டுவந்து வைத்தார்.

மனைவி போன் செய்தாள். "ஏங்க, பாத்தீங்களா? எப்படி இருந்தா?"

"கை நெறைய வளையல்" என்றேன்.

மனைவி இப்போதும் பாதி வருடம் அங்கேதான். அந்த அம்மாள் மகனோடு சான்பாடாவுக்குக் குடிபோய்விட்டார். போனைத் தொட்டால் பேத்தியின் பல் விழுந்த ஓட்டைகூடப் பளிச்சென்று தெரிகிறது. பார்த்துவிட்டு "பார், பார்" என்று திரும்பினால், பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதும் அதே பளிச்சோடுதான் தெரிகிறது.