எலுமிச்சைச் சாறு விட்ட சந்தனம்

இரும்பைச் சோர்ந்துபோக வைப்பதுதான் ஈப்போவில் எனக்கு வேலை. "ஒங்ககூட நாள் பூரா இருந்தா அதுக்கு வேற என்ன வரும்?" என்பாள் மனைவி.

செம்பனை எண்ணெய் மில்லில் பழக்குலைகளை நீராவியில் அவிக்கும் பெரிய கலன் உண்டு. ஒவ்வொரு அவியலுக்கும் அதன் எஃகு விரிந்து சுருங்கும். ஒரே பக்கமாக அல்ல. நீளவாக்கில், சுற்றுவாக்கில், திருகலாக, எல்லாப் பக்கமும் இழுபடும். அதே எஃகில் கடைந்த குழாய்த் துண்டை இயந்திரத்தில் மாட்டி, இழுத்துக்கொண்டே திருகுவோம். விரிசல் விழும்வரை எத்தனை சுற்று தாங்குகிறது என்று எண்ணுவோம். நான் பிறந்த ரப்பர் தோட்டமும் இப்போது செம்பனைதான். அங்குள்ள மில்லின் கலனுக்கும் நாங்களே சோதனை.

பக்கத்து இயந்திரம் தைப்பிங்காரருடையது. எனக்கு ஆறு வயது இளையவர், எனக்குப் பிறகு சேர்ந்தவர். அவர் ஓட்டினால் மூன்று துண்டும் ஏறக்குறைய ஒரே சுற்றில் விரிசல் விடும். நான் ஓட்டினால் மூன்றும் மூன்று கதை சொல்லும். போதாக்குறைக்கு அவர் தலையில் முடியும் இருந்தது.

எங்கள் தலைமை டெக்னீஷியன் ஓய்வு பெறும் நேரம். பாஸ் ஒரு சீனப் பெண்மணி. ஒரே எஃகில் கடைந்த துண்டுகளை எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்து, யாருடைய முடிவு நம்பும்படி இருக்கிறதோ அவருக்கே அந்த இடம் என்று மலாயில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. சோதனைக்கூடத்தில் பொட்டு வைப்பது வருடா வருடம் என் பொறுப்பு. காய்ந்து உதிரக் கூடாதென்று, சந்தனத்தைத் தண்ணீருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்தேன். வழக்கமாக இயந்திரத்துக்கு மட்டும்தான் வைப்பேன். அந்த முறை பதவி ஆசையில், மேசையில் காத்திருந்த என் மூன்று துண்டுகளுக்கும் நட்டநடுவில் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன்.

தைப்பிங்காரர் கிறிஸ்தவர். இருந்தாலும் பூஜைக்குத் தவறாமல் வந்து நிற்பார்.

"அண்ணே, என் பீசுக்கும் ஒன்னு வைங்களேன்."

"முடிஞ்சிருச்சுலா. கொசோங், காலி."

கிண்ணத்தில் பாதிக்கு மேல் இருந்தது. உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தேன். விரலிடுக்கில் மஞ்சளாகப் பிதுங்கியதை அவரும் பார்த்திருப்பார். "பரவால்லண்ணே" என்று போய்விட்டார்.

வார விடுமுறை முடிந்து வந்ததும், பொட்டுகளைத் துடைத்துவிட்டு ஓட்டினேன். அவருடைய துண்டுகள் தாங்கியதில் பாதியைக்கூட என்னுடையவை எட்டவில்லை. என் புத்திக்கு உடனே பட்டது ஒன்றுதான்: அவர் இயந்திரம் சரியாகத் திருகவில்லை. பாஸிடம் போய் அப்படியே சொன்னேன். காலையிலிருந்து மதியம்வரை அவர் இயந்திரத்தைச் சரிபார்த்தார்கள். அது ஒழுங்காகத்தான் திருகியது.

அதற்குக் கோபப்படாமல், தைப்பிங்காரரே என் துண்டுகளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, வந்து பாருங்க. மூனுலயும் விரிசல் நடுவுலதான் ஆரம்பிக்குது. வட்டமா துரு அரிச்சிருக்கு."

பார்த்தேன். என் விரல்நுனி அளவுக்கு வட்டம், உள்ளே பொடிப்பொடியாகக் குழிகள்.

"சந்தனத்துல என்னண்ணே கலந்தீங்க?"

"எலுமிச்ச."

"நல்ல வேள, எனக்குத் தரல" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "விடுங்கண்ணே. கடையும்போது பட்ட கீறல்னு எழுதிட்டு புது பீசு கேப்போம். பாஸ்கிட்ட நான் வாயத் தொறக்க மாட்டேன்."

என்னால் தாங்க முடியாமல் போனது இதுதான். வேலையில் முந்திவிட்டார், சரி. நல்ல மனசிலுமா? அந்த எரிச்சலில்தான் நேரே பாஸ் அறைக்குப் போய்ச் சந்தனக் கதையைச் சொன்னேன். நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பாஸ் முழுவதையும் கேட்டார். துருவைக் கண்டுபிடித்தது யார் என்றார். தைப்பிங்காரர் என்றேன்.

"அப்படியென்றால் அவர் ஏன் என்னிடம் வரவில்லை?"

தைப்பிங்காரர் மறைக்கலாம் என்றதை உள்ளபடி சொன்னால் போதும். அவருக்கு அந்த இடம் கிடைக்காது. எனக்கே கிடைத்தாலும் கிடைக்கும். வார்த்தை நாக்குநுனிவரை வந்து நின்றது.

"அவர்தான் என்னை வந்து சொல்லச் சொன்னார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. ஒரே நாளில் ஒரு மனிதரை இரண்டு முறை மாட்டிவிடக் கூச்சமாக இருந்திருக்கலாம்.

பதவி அவருக்குப் போனது. நான் சொன்னதை பாஸ் அவரிடம் சொல்லியிருக்கிறார். தேடி வந்து, "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

"சும்மாலா. போய் வேலையப் பாருங்க."

இப்போது என் சோதனை அறிக்கைகளில் என் பெயருக்கு மேலே அவர் கையெழுத்துப் போடுகிறார். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.