காதுகுத்து வீட்டில் என் கேமரா

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஆசிரியை. வீடு ஆலங்காயத்தில். மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்து எடுத்தே, நல்ல கேமரா வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

வாணியம்பாடியில் பழைய கேமரா விற்கும் கடைக்கு வீட்டுக்காரரோடு போனேன். அவர் கண்ணெல்லாம் நீளமான ஜூம் லென்ஸ் மேல்தான்.

"இத வாங்கு. தூரத்துல குந்தியிருக்கிற பறவகூட கிட்ட வந்துரும்" என்றார்.

தூக்கிப் பார்த்தேன், கை வலித்தது. பக்கத்தில் உள்ளங்கையில் அடங்கும் லென்ஸ் ஒன்று இருந்தது. அதில் ஜூம் கிடையாது, ஆனால் மங்கலான வெளிச்சத்திலும் எடுக்கலாம் என்றார் கடைக்காரர். எனக்கு மனிதர்களை எடுக்கத்தான் விருப்பம். கேமராவோடு அதையே வாங்கினேன்.

"இன்னா இது, இத்தினூண்டு இருக்குது?" என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

வீடியோக்களைப் பார்த்துப் பழகினேன். பாதிப் படம் வெளுத்துப் போகும், மீதி இருண்டு கிடக்கும்.

அப்போதுதான் உடன் வேலை செய்யும் டீச்சர் மலையிலுள்ள தன் வீட்டில் மகளுக்குக் காதுகுத்து வைத்தார். செங்கத்திலிருந்து வரவேண்டிய போட்டோகிராபர், மழையில் மரம் விழுந்து வழியிலேயே மாட்டிக்கொண்டார். நான் ஆலங்காயத்திலிருந்து வேறு பாதையில் போனதால் தப்பித்தேன்.

"கேமரா கொண்டாந்துக்கிறீங்க இல்ல, நீங்களே எடுத்துடுங்க" என்றார் டீச்சர்.

"எனக்கு இன்னும் சரியா வராதுங்க."

"வந்த வரைக்கும் போதும்ங்க."

வீட்டுக்குள் கரண்ட் இல்லை. முதலில் எடுத்ததெல்லாம் கலங்கலாக வந்தது. லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்தேன், வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை ஏற்றினேன், ஷட்டரை வேகமாக்கினேன். படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி விழுந்தாலும் முகம் தெளிவாக நின்றது.

தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தாள். ஆசாரி முதல் காதைக் குத்தியபோது அவள் அழவில்லை, என் கேமராவையே முறைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதது மாமன்தான். பொத்தானை அழுத்திவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கேமராவிலேயே எல்லோருக்கும் காட்டினேன்.

"ஐயோ, அத மட்டும் அழிச்சிடுங்க டீச்சர்" என்று மாமன் கெஞ்சினார்.

"அழிக்காதீங்க. ஆல்பத்துல மொதப் படமே அதான்" என்று அவருடைய அக்காவான டீச்சர் சிரித்தார்.

இரண்டாவது காதைக் குத்தியபோது எடுத்த படத்தில் ஃபோகஸ் ஆசாரியின் தோளில் போய் நின்றிருந்தது. குழந்தை வெறும் நிழல். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னேன்.

அந்த டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஒரு காது தெளிவா வந்துச்சில்ல, வுடுங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.