மூன்று ஞாயிறு முன்னால் நின்றவள்

எழுபதுகளில் தூத்துக்குடி கோர்ட்டில் நான் டைப்பிஸ்ட். ஒரு பிழையில்லாமல் அடிப்பவள் என்ற மண்டைக்கனம் எனக்கு நிறையவே உண்டு. அதை இறக்கி வைத்தவள் கருவாடு காயப்போடும் ஒரு பெண்.

அவள் புருஷன் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். அப்பா வருகிறாரா என்று பார்க்கத் துறைமுகத்துக்குத் தனியாகப் போன எட்டு வயது மகளை, கேட்பாரற்ற பிள்ளை என்று போலீஸ் பிடித்து வெளியூர் சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிட்டது. பிள்ளையை அங்கேயே வைத்து வளர்ப்பதென்று முடிவாகுமுன் தாய்க்கு ஒரு நோட்டீஸ் போனது. நான்தான் அடித்தேன், அழகான இங்கிலீஷில். அதைக் கொண்டுபோன கோர்ட்டுச் சேவகர், எங்கள் டவாலி, "ஆட்சேபணை இருந்தா மூணு வாரத்துக்குள்ள சொல்லணும்" என்றதோடு கைநாட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்று வாரமும் அவள் வரவில்லை. பிள்ளைமேல் அக்கறையில்லாதவள் என்று நானும் நினைத்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நாலாவது திங்கட்கிழமை கோர்ட் நடுவில் வந்து நின்றாள். உத்தரவு போட்டாயிற்று என்றார்கள்.

"எப்பம் வாசிச்சிய? மாதா கோயில்ல கலியாண ஓலைய மூணு ஞாயிறு வாசிச்சு, தடை இருந்தா சொல்லுங்கன்னு கேப்பாவ. இதையும் அங்கனதான் வாசிப்பாவன்னு மூணு ஞாயிறும் பூசையில முன்னால நின்னேன். எம் பிள்ள காரியத்த யாரும் வாசிக்கல்லியே, ஐயா!"

வக்கீல்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

"நோட்டீஸை இவங்களுக்குத் தமிழ்ல படிச்சுச் சொன்னது யார்?"

டவாலி என்னைப் பார்த்தார்; நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன்.

"அப்போ தப்பு கோர்ட் மேல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அப்படியே பதிவு செய்யவும் சொன்னார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படிச் சொன்ன இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அவரை அப்படிச் சொல்ல வைத்தவளைப் போலவும் யாரையும் பார்த்ததில்லை.

மறுபடி விசாரணை நடந்தது. அக்கம்பக்கத்தார் வந்து அவளுக்காகச் சாட்சி சொன்னார்கள். பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கும் உத்தரவைத் தமிழில் அடித்து, நானே எழுந்து வாசித்தேன். இல்லத்திலிருந்து கூட்டி வந்த மகள் எதிரே நின்றிருந்தாள். தாய் கையை நீட்டவில்லை.

"இன்னும் ரெண்டு வாசிப்பு இருக்குல்லா?"

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாசித்தேன். மூன்றாவது தடவையும் முடித்துத் தாளை இறக்கினேன். அவள் திரும்பி, போலீஸ்காரர், டவாலி, வக்கீல்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தடை சொல்ல ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகுதான் மகளின் கையைப் பிடித்தாள்.