திங்கட்கிழமை வரை என் கால் குணமாகக் கூடாது

நான் பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டிருந்த இடத்தில் புது மிஷின் வந்து இறங்கியது. "நாளையில இருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். மிஷினுக்குக் காலே கிடையாது, ஆனாலும் என்னைவிட வேகம். எனக்கு ஒரு கால் நல்ல கால். இன்னொன்று சின்ன வயதில் போலியோவில் சூம்பிப் போனது. அது சும்மா கூட வரும், ஒத்தாசை செய்யாது.

படிப்பு எட்டாம் வகுப்பு. அதுவும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன வாத்தியார் போட்ட பாஸ். வயது வரம்பு முடியப் போகிற சமயத்தில், ராஜபாளையம் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை இருப்பதாகத் தெரிந்தது. மாற்றுத்திறனாளிக்கென்றே ஒதுக்கிய இடம். இதை விட்டால் எனக்கு வேறு வாய்ப்பு இல்லை.

நேர்காணலில் அதிகாரி என் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தார். "ஓடியாடி ஃபைல் தூக்கணுமேய்யா. ஒன்னால முடியுமா?"

"ஐயா, கவுருமெண்டு ஆபீசுல ஃபைலு ஓடி நான் பாத்ததே இல்லையே" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் வாய் எட்டாம் வகுப்பு கூடப் படிக்கவில்லை. தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி, இடத்தைக் காலியாகவே போட்டுவிட்டார்கள்.

என் மனைவி எஸ்தர் மில்லிலிருந்து வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. நான் சபைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது போதும். இவள் ஒரு நாளாவது மில்லுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும்." கேட்டது அவ்வளவுதான்.

பிறகு எஸ்தரே என்னைப் பஸ் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இருக்கும் இலவசச் சட்ட உதவிக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு வக்கீலம்மா முழுக் கதையையும் கேட்டார்.

"எடமே கால் சரியில்லாதவியளுக்கு ஒதுக்குனது. கால் சரியில்லன்னு தள்ளுனா, பொறவு யார எடுப்பாவளாம்? சட்டம் இருக்கு அண்ணாச்சி. நாம கெஞ்சப் போகல, கேக்கப் போறோம்."

"நானும் அந்த ஆபீசர்ட்ட என்ன சொன்னேன்னா..."

"கோர்ட்டுல மட்டும் நீங்க வாயத் தொறக்காதிய."

மதுரை ஹைகோர்ட்டில் வழக்கு நடந்தது. என் ஊனச் சான்று பழையது என்றது எதிர்த்தரப்பு. மெடிக்கல் போர்டில் மறுபடி காட்டச் சொல்லி உத்தரவு வந்தது. ஊனம் நாற்பது சதவீதத்துக்குக் குறைந்தால் ஒதுக்கீடு கிடையாது. திங்கட்கிழமை போக வேண்டும்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சபையில் உபவாச ஜெபம். வெளியூரிலிருந்து ஜெபம் நடத்த வந்த ஊழியருக்கு என் வழக்கு தெரியாது. நேராக வந்து என் முழங்காலில் எண்ணெய் ஊற்றிக் கை வைத்தார்.

"இந்தக் கால் இப்பவே நேராகுது! இந்த நிமிசமே!"

சபை முழுவதும் எழுந்து நின்று ஆமென் என்றது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஆண்டவரால் முடியும் என்று நம்புகிறவன் நான். அதுதான் பயம். "ஆண்டவரே, உம்மால் முடியும். திங்கட்கிழமை வரைக்கும் மட்டும் ஒன்றும் செய்துவிடாதேயும்" என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

எஸ்தர் பெண்கள் பக்கமிருந்து ஓடி வந்து காதில் கேட்டாள். "ஏங்க, காலு ஏதும் சூடா இருக்கா?"

"இல்லட்டி, எண்ணெதான் வழியுது."

"ஸ்தோத்திரம்" என்றாள்.

திங்கட்கிழமை டாக்டர் காலை அளந்தார், மடக்கினார், நீட்டினார். "ஒரு மாத்தமும் இல்ல. அப்படியேதான் இருக்கு" என்றார். சின்ன வயதிலிருந்து நான் ஆண்டவரிடம் புகார் சொன்ன கால் அது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைத் தடவிக்கொடுத்து ஸ்தோத்திரம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. வலிக்கிறதா என்று டாக்டர் பதறிவிட்டார்.

தீர்ப்பு வந்தது. நான் எனக்கு ஓர் இடம் கேட்டேன். அந்த ஆபீசில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிவிட்டு நிரப்பாமல் கிடந்த எல்லா இடங்களையும் நிரப்பச் சொல்லிவிட்டார் நீதிபதி. வத்திராயிருப்பிலிருந்து கண் தெரியாத ஒரு தம்பி, காது கேளாத ஒரு தங்கச்சி, நான், மூன்று பேரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். எனக்குக் கீழ்த் தளத்திலேயே மேசை போட்டார்கள்.

அதே அதிகாரி வந்தார். "வாய்யா. ஃபைலு ஓடுதான்னு பாக்க வந்துட்டியா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் ஐயா. இன்னும் காணல."

இந்தத் தடவை அவரும் சிரித்துவிட்டார்.

முதல் சம்பளம் வந்த மறுநாள் எஸ்தர் மில்லுக்குப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தானாகச் சிரித்தாள். என்ன என்று கேட்டேன். "சும்மா" என்றாள். என் ஆண்டவருக்கு நான் வேறு என்ன சாட்சி சொல்ல?

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் கண்ணோ காதோ காலோ குறைந்த பிள்ளை இருந்தால், எங்கள் தலைவிதி இவ்வளவுதான் என்று இருந்துவிடாதீர்கள். முழங்கால் போட்டு ஜெபியுங்கள். ஜெபித்து முடித்ததும் எழுந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுங்கள். ஆண்டவர் பதில் கோர்ட்டு வழியாகவும் வரும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன். கொஞ்சம் மெதுவாக நடங்கள், அது போதும்.