ஈப்போவுக்குக் காற்றுத் தின்னப் போனோம்

இந்த மலாய் நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை வருகிறது, கோடை மட்டும் வருவதில்லை. வருஷம் முழுவதும் ஒரே வெயில், பொழுது சாய்ந்தால் ஒரே மழை. நம் ஊர்ப் பக்கத்தில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும், பிள்ளைகளை அடைத்துவைக்க முடியாது, அதனால் பள்ளிக்கூடத்தை மூடுகிறோம். இங்கே எதற்காக மூடுகிறீர்கள் என்று வாத்தியாரிடம் கேட்டேன். துரைமார் தேசத்தில் விடுமுறை உண்டாம், அதனால் இங்கேயும் உண்டாம். யார் ஊரிலோ மழை பெய்தால் இங்கே குடை பிடிக்கிற கதைதான். செம்மோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி நான். எனக்குப் புரியாதவை இங்கே இன்னும் எத்தனையோ இருக்கின்றன.

விடுமுறை வந்ததும் மகள் செண்பகமும் மகன் ராசுவும் வீட்டைத் தலைகீழாக்கினார்கள். கைக்குழந்தையோடு அல்லாடும் என் மனைவி, இவர்களை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். எங்கே போவது? ஊரில் இந்தக் கேள்வியே கிடையாது. விடுமுறை என்றால் மாமன் வீடு. மாமிக்கு முகம் சுருங்கும்வரை அங்கே இருப்போம், பிறகு சித்தப்பா வீடு. செலவைப் பற்றி யாரும் யோசித்ததில்லை, செலவெல்லாம் மாமனுடையது. இங்கே பிள்ளைகளுக்கு மாமன் என்பது ஒரு பெயர்தான். அதனால் மாமன் இல்லாதவர்கள் போகும் இடங்களை நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

இதற்கு மலாய்க்காரர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. நான் வந்த புதிதில் ஒருநாள் சாலையோரம் நின்றிருந்தேன். தெரிந்த மலாய்க்காரர் ஒருவர் ‘மாக்கான் ஆஙின்?’ என்று கேட்டார். மாக்கான் என்றால் சாப்பாடு என்றுமட்டும் எனக்குத் தெரியும். சாப்பிட்டாயிற்று, வயிறு நிறைந்துவிட்டது என்று தடவிக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாக்கான் ஆஙின் என்றால் காற்றுத் தின்பதாம், அதாவது உலாவப் போவதாம். நாம் காற்று வாங்கப் போகிறோம், இவர்கள் அதைத் தின்றே விடுகிறார்கள். வாங்கியதை நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

என்னைப் போன்ற தோட்டத்துத் தகப்பன்மாருக்குச் சொல்கிறேன்: காற்றுத் தின்ன ஈப்போ நல்ல இடம். புளிச்சோறு கட்டிக்கொண்டு, ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறிப் போய்விடலாம். அரண்மனை மாதிரி வெள்ளை வெளேரென்று நிற்கும் ரயில் ஸ்டேஷனைப் பார்க்கக் காசு வேண்டாம். மணிக்கூண்டு அடிக்கும்வரை கீழே காத்திருக்கலாம். பாடாங் என்கிற திடலில் துரைமார் வெள்ளை உடுத்திப் பந்தடிப்பார்கள், யார் ஜெயித்தார்கள் என்று கடைசிவரை தெரியாது, பிள்ளைகள் இருபக்கமும் கைதட்டுவார்கள். மோட்டார் வண்டிகளைப் பார்க்கலாம், சுண்ணாம்பு மலைகளைப் பார்க்கலாம். கடைத்தெருப் பக்கம் மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், கண்டதையெல்லாம் கேட்பார்கள்.

அன்று நானும் இப்படித்தான் புறப்பட்டேன். புறப்படும்போது என் மனைவி செண்பகத்திடம் வழக்கமான பாடத்தை ஒருமுறை ஒப்புவிக்கச் சொன்னாள். தோட்டத்தில் யாரைக் கண்டாலும் முதல் கேள்வி, எந்த ஊர் என்பதுதான். தோட்டத்துப் பெயரை அதற்குப் பதிலாகச் சொன்னால் நாதியற்றவர்கள் என்று நினைப்பார்களாம். அதனால், இங்கேயே பிறந்த பிள்ளைக்கு, எந்த ஊர் என்று யார் கேட்டாலும் மன்னார்குடி என்று சொல்லப் பழக்கியிருந்தோம். அவளும் வாய்ப்பாடு மாதிரிச் சொல்வாள். அடுத்த வருஷம் அங்கே போய்விடலாம் என்று நான் வருஷந்தோறும் சொல்லி வந்தேன்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு எதிரேயிருந்த பூந்தோட்டத்தில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது மழை கொட்டியது. எல்லாரும் ஓடினார்கள். ராசுவைத் தூக்கிக்கொண்டு, செண்பகத்தின் கையைப் பிடித்தபடி ஓடினேன். ஸ்டேஷன் தாழ்வாரத்துக்கு வந்து பார்த்தால் என் கையில் ஒரு சீனச் சிறுமியின் கை இருந்தது. அவளுடைய தாய் வெடுக்கென்று அவளைப் பிடுங்கிக்கொண்டாள். செண்பகம் எங்கும் இல்லை. மழைக்குள் ஓடினேன், திரும்பி வந்தேன், பெயர் சொல்லிக் கத்தினேன். ஒரு மலாய்ப் போலீஸ்காரர் வந்து, ‘ஓராங் மானா?’ என்றார். எந்த ஊர் ஆள் என்று அர்த்தம். நான் எங்கே குடியிருப்பவன் என்று கேட்டிருப்பார், நான் பழக்கத்தில் ‘இந்தியா, இந்தியா’ என்றேன். ‘பாலேக் இந்தியா? கப்பால்?’ என்றார். இந்தியாவுக்குத் திரும்பிப் போகிறாயா, கப்பலா என்கிறார். இல்லை, இல்லை, மகளைக் காணோம் என்று தமிழில் அழுதேன். அவர் பொறுமையாக என் தோளைத் திருப்பி, வடக்கே போகும் ரயில் நின்ற பிளாட்பாரத்தைக் காட்டினார். பினாங்குக்குப் போய் நாகப்பட்டினம் கப்பல் ஏறப்போகும் தோட்டத்துச் சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே ஓடிப்போய்ப் பார்த்தால், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியின் பக்கத்தில் செண்பகம் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தாள். தலையைக்கூடத் துவட்டிவிட்டிருந்தார்கள். தனியாக நின்ற பிள்ளையிடம் போர்ட்டர் ஒருவர் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். இவள் பாடத்தை ஒப்புவித்திருக்கிறாள். மன்னார்குடி என்றால் இந்தக் கூட்டம்தான் என்று அவர் ஏற்றிவிட்டிருக்கிறார்.

“கோவிச்சுக்காதீங்க அண்ணே,” என்றாள் அந்தப் பெண். “நானும் மன்னார்குடிப் பக்கந்தான். தேடிக்கிட்டு யாரும் வரலேன்னா நானே கொண்டுபோயி ஊர்ல சேத்துடலாம்னு இருந்தேன்.”

நல்ல மனசோடு சொன்னாள். மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஊருக்குப் போறேன்ப்பா. நீங்கதான் கூட்டிட்டே போக மாட்டேங்கிறீங்க.”

“அது நம்ம ஊரு இல்லடி.”

சொன்னது நான்தான். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மன்னார்குடியில் பிறந்து, அங்கே திரும்பத்தான் இங்கே மாரடிப்பதாக நம்பும் நானே சொன்னேன். பயத்தில் வந்த பேச்சா, உள்ளே கிடந்த பேச்சா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

“அப்ப எதுப்பா நம்ம ஊரு?” என்றாள் செண்பகம். அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை, பாடத்தைத் திருத்திக்கொள்ளத்தான் கேட்டாள். ராசுவைக் கீழே இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். செம்மோருக்குத் திரும்ப எங்களுக்கும் அந்த ரயில்தான்.

வழியெல்லாம் அவர்கள் மன்னார்குடித் தெருக்களைப் பற்றிப் பேசினார்கள். எனக்குத் தெரிந்த தெருக்கள்தான். வாய் திறக்க வெட்கமாக இருந்தது. செம்மோரில் மழை விட்டிருந்தது. பிள்ளைகளோடு இறங்கி நின்றேன். ரயில் நகர ஆரம்பித்தபோது அந்தப் பெண் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“அண்ணே, ஊர்ல என்ன சேதி சொல்லட்டும்?”

“எல்லாரும் சௌக்கியம்னு சொல்லுங்க,” என்று கத்தினேன். அவள் தலையாட்டினாள். செண்பகம் கடைசிப் பெட்டி மறையும்வரை கையசைத்தாள். தண்டவாளம் வெறிச்சென்று ஆன பிறகுதான், யார் வீட்டில் போய்ச் சொல்லவேண்டும் என்று அந்தப் பெண் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை என்பது உறைத்தது.